பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பும் அதன் குறுங்கட்டுரைகளும்: கோவை, திருப்பூர் தொழில்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் மாடி அறையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஃபவுண்டரி வைத்திருப்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர், அப்பாவின் லேத் பட்டறையை இப்போதுதான் கையில் எடுத்திருக்கும் இளைஞர்கள் என்று கலவையான கூட்டம். நான் சிறு தொழில்களுக்கு அடக்கவிலைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவன். பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் 1960களிலும் 70களிலும் வெளியிட்ட குறுங்கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தமிழில் சொல்லி, எங்கள் கணக்குப் புத்தகத்தோடு வைத்துப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏனுங்க, எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனியின் பழைய கட்டுரையை நாம எதுக்குப் படிக்கோணும்?

அந்தக் கட்டுரைகளின் மையக் கேள்வி நம்முடைய கேள்வி என்பதால்தான். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருந்தால் அதன் அடக்கம் எவ்வளவு குறையும், எதனால் குறையும், போட்டிக்காரனுக்கு ஏன் அதே அளவு குறைவதில்லை? மோட்டார் பம்ப், வெட் கிரைண்டர், டி-சர்ட் என்று எதைச் செய்தாலும் இந்த ஊரில் பாயர் (சரக்கு வாங்க வருபவர்) முதலில் பேசுவது விலையைத்தான். அந்த விலைக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தவர்கள் எழுதியது இது. பெரிய கம்பெனிகளுக்காக எழுதப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். எங்கே நமக்குப் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்க்கும்போதுதான் நம் தொழிலைப் பற்றி நமக்கே புதிதாக ஏதாவது தெரிகிறது.

இதை ஆரம்பித்தவர் யார்?

புரூஸ் ஹெண்டர்சன். 1915-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்குப் புத்தக வியாபாரம். மகன் இளவயதில் பைபிள் விற்றவர். அப்புறம் பொறியியல் படித்தார். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்து, பட்டம் வாங்க மூன்று மாதம் இருக்கும்போது விட்டுவிட்டு வெஸ்டிங்ஹவுஸ் மின்சாதன நிறுவனத்தில் வேலைக்குப் போனார். அங்கே கொள்முதல், உற்பத்தி எல்லாம் பார்த்து, சிறு வயதிலேயே துணைத் தலைவர் ஆனார். ஒரே மாதிரி இயந்திரத்தை ஒரே மாதிரி செய்கிற இரண்டு கம்பெனிகள் ஏன் இரண்டு விதமான விலை சொல்கின்றன என்ற கேள்வி அவருக்கு ஒரு கொள்முதல்காரரின் கேள்வி. பஞ்சு வாங்கும், வார்ப்பு வாங்கும் யாருக்கும் அது புரியும்.

1963-ல் பாஸ்டன் சேஃப் டெபாசிட் அண்ட் டிரஸ்ட் என்ற வங்கி, தனக்கென ஓர் ஆலோசனைப் பிரிவைத் தொடங்கித் தரும்படி அவரைக் கூப்பிட்டது. பிரிவு என்றால் ஒரே ஆள், அவர்தான். முதல் மாத வரவு 500 டாலர் என்று நிறுவனமே தன் வரலாற்றில் பதிந்து வைத்திருக்கிறது. 1966-ல் டோக்கியோவில் இரண்டாவது அலுவலகம். 1975-ல் ஊழியர்களே பங்குகளை வாங்கத் தொடங்கி, 1979-ல் வங்கியிடமிருந்து முழுதாக மீட்டுவிட்டார்கள். ஹெண்டர்சன் 1992-ல் காலமானார்.

அதற்கு முன் ஆலோசனை நிறுவனங்களே இல்லையா?

நிறைய இருந்தன. ஆர்தர் டி. லிட்டில் 1886-ல் தொடங்கியது. ஹெண்டர்சனே அங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். பூஸ் 1914, மெக்கின்சி 1926. அவர்கள் பெரும்பாலும் நிர்வாக அமைப்பு, பட்ஜெட், தொழில்நுட்பம் பற்றிச் சொன்னார்கள். இந்தக் கூட்டத்துக்குள் புதிதாக நுழைந்தவருக்குத் தனியாக ஒரு சரக்கு வேண்டியிருந்தது. எதில் சிறப்புப் பெயர் வாங்கலாம் என்று பேசியபோது ஹெண்டர்சன் 'தொழில் உத்தி' என்றாராம். அப்படியென்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாதே என்று மற்றவர்கள் தயங்க, அதனால்தான் அதன் பொருளை நாமே வகுக்கலாம் என்றிருக்கிறார்.

கட்டுரைகளை ஏன் அச்சடித்துச் சும்மா அனுப்பினார்கள்?

பெயர் தெரியாத நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. 1964-ல் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற பெயரில் இந்த வரிசை தொடங்கியது. கோட்டுப் பைக்குள் அடங்கும் சிறு மடிப்பேடு. ஒரு கட்டுரை, ஒரு கருத்து, சில பக்கம். கம்பெனித் தலைவர்களின் மேசைக்குத் தபாலில் போகும். நூற்றுக்கணக்கில் வந்தன, ஆரம்ப காலக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஹெண்டர்சன் கைப்பட எழுதியவை. அதே 1964-ல்தான் மெக்கின்சியும் தன் காலாண்டிதழைத் தொடங்கியது. ஆனால் அது பத்திரிகை மாதிரி, இது கடிதம் மாதிரி.

எனக்கு ஹெண்டர்சனின் எழுத்து பிடிக்கும். குறுகிய வாக்கியங்கள். இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்ற பூசிமெழுகல் இல்லை. படிப்பவர் எதிர்த்துப் பேச வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் கூர்மையாகச் சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேச ஆள் வந்தால் வாடிக்கையாளர் வந்த மாதிரிதானே. ஆகவே இது விற்பனைக்கான எழுத்து என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். விற்பனைக்கான எழுத்து என்பதாலேயே அதில் உண்மை இருக்காது என்று தள்ளவும் கூடாது.

'அனுபவக் கோடு' என்று சொல்கிறீர்களே, அதைக் கணக்காகச் சொல்லுங்க.

1966 வாக்கில் ஒரு செமிகண்டக்டர் தயாரிப்பாளருக்காக வேலை பார்த்தபோது கண்ணில் பட்டது இது. ஒரு பொருளை ஆரம்பம் முதல் இன்றுவரை மொத்தம் எத்தனை செய்திருக்கிறோமோ, அந்த மொத்தம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் அடக்கம் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் குறைகிறது என்றார்கள். 1968-ல் பல தொழில்களின் விலை விவரங்களோடு இதைத் தனி நூலாகவே வெளியிட்டார்கள்.

20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பம்ப்புக்கு 100 ரூபாய் ஆனால் இரண்டாவதுக்கு 80, நான்காவதுக்கு 64, எட்டாவதுக்கு 51 ரூபாய் 20 காசு. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் இரட்டிப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். 1,000 பம்ப் செய்தவன் இன்னொரு 1,000 செய்தால் போதும். 10 லட்சம் செய்தவனுக்கு இன்னும் 10 லட்சம் வேண்டும். தொடங்கிய காலத்தில் சரசரவென்று இறங்கும் அடக்கம், வயதான பொருளில் நகரவே நகராது. 'முப்பது வருச அனுபவம் இருக்குங்க, ஏன் அடக்கம் இறங்கலை' என்று கேட்கிறவர்களுக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

மூன்று விஷயத்தை எல்லோரும் தவறவிடுகிறார்கள். முதலாவது, இது வருடாந்திர உற்பத்தி பற்றியது இல்லை; பிறந்ததிலிருந்து சேர்ந்த மொத்தம். இரண்டாவது, பணவீக்கத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். ரூபாயாகவே பார்த்தால் எல்லாம் ஏறிக்கொண்டே இருப்பதாகத்தான் தெரியும். மூன்றாவது, நாம் சேர்க்கும் மதிப்பில்தான் இந்தக் குறைவு வரும், வாங்கும் சரக்கில் வராது. தாமிரக் கம்பியின் விலையோ பஞ்சின் விலையோ நம் அனுபவத்தைப் பார்த்து இறங்காது.

கைப்பழக்கம் என்று நாம் சொல்வதுதான் இது என்றார் எங்கள் கூட்டத்தில் ஒரு ஃபவுண்டரிக்காரர். பெருமளவு சரி. 1936-லேயே விமானத் தொழிலில் ரைட் என்ற பொறியாளர் இதை எழுதிவிட்டார்: மொத்த எண்ணிக்கை இரட்டிப்பானால் ஆள் நேரம் 20 சதவீதம் குறைகிறது என்று. ஹெண்டர்சன் குழு செய்தது, அதைத் தொழிலாளியின் கையோடு நிறுத்தாமல், வடிவமைப்பு, கொள்முதல், விற்பனை என்று மொத்த அடக்கத்துக்கும் நீட்டி, 'அதிகம் விற்றவனுக்கே அடக்கம் குறைவு' என்று போட்டிக் கணக்காக மாற்றியது. கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார்கள். அடக்கம் தானாகக் குறையாது, யாராவது மெனக்கெட்டுக் குறைக்க வேண்டும்.

இதை நம்பிப் போய் அடிவாங்கியவர்கள் உண்டா?

ஃபோர்டு கார் கம்பெனி கதையைத்தான் எப்போதும் சொல்வேன். 1908-ல் 850 டாலருக்கு வந்த மாடல் டி கார், 1920களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஒரே காரை ஓயாமல் செய்து அடக்கத்தை இறக்கிய சாதனை. அதற்குள் ஜனங்களின் ஆசை மாறிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் புதுப்புது மாடலோடு வந்தது. 1927-ல் ஃபோர்டு மாதக்கணக்கில் ஆலையை மூடி, புது மாடலுக்குத் தயாராக வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கென்று செதுக்கப்பட்ட ஆலையை வேறு வேலைக்குத் திருப்புவது அவ்வளவு கஷ்டம். 1974-ல் இந்தக் கதையை முன்வைத்தே அனுபவக் கோட்டின் எல்லை பற்றி ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் கட்டுரை வந்தது.

திருப்பூருக்கு இது பொருந்துமா? இங்கே ஒவ்வொரு சீசனும் ஸ்டைல் மாறுதே.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இந்தக் கட்டுரைகளையே எடுத்தேன்.

புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் பவர் டேபிளில் (தையல் எந்திர வரிசையில்) எத்தனை பீஸ் வருகிறது, பத்தாவது நாள் எத்தனை வருகிறது என்று சூப்பர்வைசரைக் கேளுங்கள். கோடு அங்கேயே தெரியும். ஆனால் கை பழகி வேகம் பிடிக்கும்போது ஆர்டர் முடிந்துவிடும், அடுத்த ஸ்டைல் வந்துவிடும். ஹெண்டர்சன் கணக்குப்படி பார்த்தால் திருப்பூரில் ஆயிரக்கணக்கான சின்னக் கம்பெனிகள் பிழைத்திருக்கவே கூடாது. 1976-ல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, நிலைபெற்ற போட்டிச் சந்தையில் பெரிய ஆட்கள் மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள், அவர்களில் பெரியவரின் பங்கு சிறியவரின் பங்கைப் போல நான்கு மடங்குக்கு மேல் போகாது என்கிறது. நம் ஊரைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அவர் தப்பு என்று உடனே சொல்லிவிட வேண்டாம்.

அவர் அனுபவத்தை ஒரு கம்பெனியின் சுவருக்குள் சேர்வதாக நினைத்தார். திருப்பூரில் அது ஊருக்குள் சேர்கிறது. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஆளுக்கு ஒரு வேலை. சொந்தமாக எந்திரமே இல்லாத ஓர் ஏற்றுமதிக்காரர் ஜாப் ஒர்க்கிலேயே கன்டெய்னர் அனுப்பிவிடுவார். ஐம்பது கம்பெனிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டின் மொத்த எண்ணிக்கை எந்த ஒரு கம்பெனியின் எண்ணிக்கையைவிடவும் பெரியது. ஸ்டைல் மாறினாலும் அவருக்குத் துணிதான், சாயம்தான், வெப்பம்தான். அவருடைய கோடு இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் பலன் நேற்று தொழில் தொடங்கியவருக்கும் கிடைக்கும். கோவையிலும் இதுதான்: பேட்டர்ன் செய்பவர், வார்ப்பவர், லேத்தில் கடைபவர், ரோட்டருக்கு ஷாஃப்ட் அடிப்பவர் என்று பம்ப் தெருத்தெருவாகப் பிரிந்து கிடக்கிறது. 1890-லேயே ஆல்ஃப்ரட் மார்ஷல் என்ற பொருளியல் அறிஞர் இங்கிலாந்துத் தொழில் ஊர்களைப் பார்த்து இதைப் போன்ற ஒன்றை எழுதினார்.

ஆகவே எங்கள் கூட்டத்தில் நாங்கள் கேட்பது இப்படி: உங்கள் அனுபவத்தில் எவ்வளவு உங்களுடையது, எவ்வளவு ஊருடையது? ஊருடையதை நம்பி விலை சொன்னால் பக்கத்து யூனிட்டும் அதே விலை சொல்லும். உங்களுடையது என்று தனியாக எதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதைத்தான் கணக்கில் தேட வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். இறங்கிய அடக்கத்தில் எல்லாச் செலவும் சேர்ந்ததா? நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவின் செலவு எந்தக் கம்பெனியின் பேரேட்டிலும் ஏறவில்லை. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் அதைச் சுமந்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஒரே நாளில் அந்தச் செலவு பேரேட்டுக்கு வந்து சேர்ந்தது. கழிவுநீர் துளியும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு அப்புறம் ஊர் மாறிய விதம் பாராட்டத் தக்கதுதான். ஆனாலும் ஒரு கோடு அழகாக இறங்குகிறது என்றால், விட்டுப்போன செலவு எது, அதை யார் கட்டுகிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கு அங்கிருந்துதான் வந்தது.

கறவை மாடு, நட்சத்திரம் என்று ஒரு கட்டம் போடுவார்களே, அதுவும் இவர்களுடையதுதானா?

ஆமாம். 1970-ல் வந்த குறுங்கட்டுரை. நான்கு கட்டம். சந்தை வேகமாக வளர்கிறதா என்பது ஒரு பக்கம். நம் போட்டியாளர்களில் பெரியவரோடு ஒப்பிட்டால் நம் பங்கு எவ்வளவு என்பது இன்னொரு பக்கம். வளரும் சந்தையில் முதலிடம் என்றால் நட்சத்திரம். வளராத சந்தையில் முதலிடம் என்றால் கறவை மாடு. தீனி குறைவு, பால் அதிகம். வளரும் சந்தையில் சிறு பங்கு என்றால் கேள்விக்குறி. இரண்டும் இல்லாதது முதலில் 'வளர்ப்புப் பிராணி', அப்புறம் 'நாய்' என்று பெயர் வாங்கியது. 1970களின் கடைசியில் அமெரிக்காவின் முதல் 500 கம்பெனிகளில் ஏறக்குறைய பாதி இந்த மாதிரிக் கட்டம் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தின.

இதன் அடியில் இருப்பது ரொக்கக் கணக்கு. லாபம் காட்டும் பொருள் எல்லாம் ரொக்கம் தருவதில்லை, வளரும் பொருள் ரொக்கத்தைத் தின்னும், அதற்குத் தீனி கறவை மாட்டிலிருந்து வர வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் ஏறிக்கொண்டே போக, கையில் காசில்லாமல் தவித்த யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

காங்கேயம் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழுப்பிய மறுப்பை இங்கே பதிய விரும்புகிறேன். காங்கேயம் மாட்டை யாரும் பாலுக்காக வளர்த்ததில்லை. உழவு, வண்டி, அந்தக் காலத்தில் கவலை இறைக்க, அதாவது மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்க. பால் கணக்கு மட்டும் போட்டால் அது விற்றுவிட வேண்டிய மாடு. அவருடைய பட்டறையில் ஒரு பழைய வால்வு இருக்கிறது, லாபம் சொற்பம். ஆனால் அதை வாங்க வருகிற டீலர்தான் மற்ற எல்லாவற்றையும் எடுக்கிறார். கட்டத்தில் ஒவ்வொரு பொருளும் தனித்தனியாக நிற்கிறது. பட்டறையில் அப்படி நிற்பதில்லை. ஹெண்டர்சன் கட்டுரையில் இதற்கு இடமே இல்லை, அது ஒரு குறைதான்.

ஹோண்டா கதை என்று ஒன்று சொல்கிறார்களே?

1975-ல் பிரிட்டிஷ் அரசுக்காக இந்த நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. ஜப்பானிய மோட்டார்சைக்கிள்கள் பிரிட்டிஷ் கம்பெனிகளை எப்படி வீழ்த்தின என்பது கேள்வி. சொந்த நாட்டில் சின்ன வண்டிகளைப் பெருமளவில் செய்து அடக்கத்தைக் குறைத்து, அந்த பலத்தோடு அமெரிக்கா வந்தார்கள் என்று அனுபவக் கோட்டை வைத்து விளக்கியது அறிக்கை. படிக்க மிகத் தெளிவாக இருக்கும்.

1984-ல் ரிச்சர்ட் பாஸ்கேல் என்பவர், 1959-ல் அமெரிக்கா போன அந்த ஹோண்டா ஆட்களையே தேடிப்பிடித்துக் கேட்டு எழுதினார். அவர்கள் சொன்னது வேறு. விற்கப் போனது பெரிய வண்டிகளை. அவை ஆயில் ஒழுகி, கிளட்ச் கெட்டுத் திரும்பி வந்தன. ஊருக்குள் வேலையாகச் சுற்ற அவர்கள் வைத்திருந்த 50 சிசி சின்ன வண்டியை ஜனங்கள் பார்த்து விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்றார்கள். ஓடியது. எது சரி என்று நிர்வாகப் பேராசிரியர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டுமே சரி என்றுதான் படுகிறது. சின்ன வண்டிக்கு வாசல் தற்செயலாகத் திறந்தது. ஆனால் குறைந்த அடக்கம் கையில் இல்லாதவனுக்கு அந்த வாசலால் பயன் இருந்திருக்காது.

பெயின் என்ற கம்பெனியும் இதிலிருந்து பிரிந்ததா?

ஆமாம், 1973-ல். ஹெண்டர்சன் தன் ஆட்களை நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று குழுவாகப் பிரித்து ஒன்றோடு ஒன்று போட்டி போடவிட்டார். நீலக் குழுவின் தலைவர் பில் பெயின், கூட்டாளிகளோடு வெளியேறித் தனிக் கம்பெனி தொடங்கினார். நல்ல ஃபோர்மேன் பிரிந்து போய் அடுத்த தெருவில் பட்டறை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், விளக்கம் வேண்டியதில்லை.

நிறுவனத்தின் பெயரில் கறை ஏதும் இல்லையா?

உண்டு. அதன் லிஸ்பன் அலுவலக ஆட்கள் 2011 முதல் 2017 வரை அங்கோலாவில் அரசு ஒப்பந்தங்களுக்காக ஏஜெண்ட் மூலம் லஞ்சம் கொடுத்த விவகாரத்தில், 2024-ல் சுமார் 144 லட்சம் டாலர் லாபத்தை அமெரிக்க அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நிறுவனமே முன்வந்து தெரிவித்ததால் வழக்குத் தொடரப்படவில்லை.

நம்ம ஊரில் இந்த மாதிரி வேலை யாரும் செய்யவில்லையா?

செய்தார்கள், ஹெண்டர்சனுக்கு முன்னாலேயே. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய மில்கள் சேர்ந்து 1956-ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைக் கோவையில் அமைத்தன. நம்மவர்கள் 'சிட்ரா' என்பார்கள். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்-மணி ஆகிறது, ஒரு ஷிஃப்டில் ஒரு ஸ்பிண்டிலுக்கு (நூற்புக் கதிருக்கு) எத்தனை கிராம் நூல் வருகிறது என்று மில்களிடம் விவரம் வாங்கி, ஒப்பிட்டு, அளவுகோல்களாக வெளியிட்டது. கவுண்ட் (நூலின் பருமனைக் குறிக்கும் எண்) வேறுபாட்டைச் சரிக்கட்டி ஒப்பிடும் முறையையும் வகுத்தது.

இதில் எனக்கு இருக்கும் பெருமிதத்தை மறைக்க மாட்டேன். பாஸ்டன்காரர்கள் எண்களை ஒரு வாடிக்கையாளருக்கு விற்றார்கள். இங்கே போட்டி மில்களே தங்கள் எண்களைப் பொதுவில் வைத்து, 'நான் எங்கே நிற்கிறேன்' என்று பார்த்துக்கொண்டன. பம்ப்பிலும் பனியனிலும் அந்த அளவுக்கு இன்னும் நாம் வரவில்லை. விலையைத்தான் ஒளிக்க வேண்டும். ஆள் நேரத்தையும் கழிவு சதவீதத்தையும் ஏன் ஒளிக்கிறோம்?

சரி, முதலில் எதைப் படிக்கலாம்?

1970-ன் நான்கு கட்டக் கட்டுரை. சில பக்கம்தான். பழைய குறுங்கட்டுரைகள் பலவற்றை நிறுவனமே இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழில் இல்லை, அதனால்தான் நாங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறோம்.

வரும்போது உங்கள் பொருள் ஒன்றின் கணக்கோடு வாருங்கள். முதல் பில்லிலிருந்து இன்றுவரை மொத்தம் எத்தனை, ஒன்றுக்கு எத்தனை ஆள் நிமிடம். ரூபாய் வேண்டாம், நிமிடம் போதும். பணவீக்கத் தொல்லை இல்லை. பழைய விவரம் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். போன மாதம் வந்த லேத் பட்டறை இளைஞரும் அப்படித்தான் சொன்னார். பிறகு, பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் தினமும் எத்தனை கடைந்தார்கள் என்று தாத்தா சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் நோட்டில் எழுதி வைப்பார் என்று ஞாபகம் வந்து சொன்னார். அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டு வருகிறது.